நங்கூரமிட்ட கப்பலில் ஒரு கைப்பிடி

ஜாய்சன் மச்சாதுவுக்கு இரண்டு வேலை. ஒன்று ஊருக்கே தெரியும்: கப்பலில் எலெக்ட்ரிகல் ஆபீசர். இன்னொன்றை தூத்துக்குடி மில்லர்புரத்தில் அவன் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரருக்குக்கூட விளங்கவைக்க முடியவில்லை. "பழைய வீடியோ கேமுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் செய்யுதேன் அண்ணாச்சி" என்பான். "இதுக்கெல்லாமா ஆள் இருக்கு?" என்று அவர் சிரிப்பார்.

ஆள் இருந்தது. வெளிநாடுகளில் நாற்பது, ஐம்பது வருஷத்துக்கு முன்பு காசு போட்டு ஆடிய பீரோ உயரப் பெட்டிகளை இன்றைக்கும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். திரை பழுதானால் மாற்றிக்கொள்ளலாம். சர்க்யூட்டையும் எப்படியாவது சரிசெய்துவிடலாம். ஆடுகிறவனின் கை படுகிற இடம்தான் தேய்ந்து போய்விடும். ஜாய்ஸ்டிக், ஸ்டியரிங், உள்ளங்கையால் உருட்டுகிற பந்து. அவற்றைச் செய்த கம்பெனிகள் மூடி, வரைபடங்களும் எங்கேயோ போய்விட்டன. ஒரு முறை ஜப்பானில் மாலுமிகள் விடுதி ஒன்றில் ஸ்டிக் ஒடிந்து மூலையில் கிடந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, ஜாய்சன் கப்பல் லேத்தில் ஒரு ஸ்டிக் கடைந்து கொண்டுபோய் மாட்டினான். அது ஓடியது. எடுத்த படத்தை இணையத்தில் போட்டதும் ஒவ்வொருவராய்க் கேட்கத் தொடங்கினார்கள்.

அவன் மனைவி டெல்பின் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்த்தாள். அச்சு எடுப்பது, வார்ப்பது, மெருகேற்றுவது எல்லாம் அவளுக்குக் கைவந்தது. உலோகமும் வயரும் அவன் பொறுப்பு. கைப்பிடிகளின் வார்ப்பு அவள் பொறுப்பு. பின்கட்டு அறையில் இருவரும் பேசாமலே மணிக்கணக்கில் வேலை செய்வார்கள்.

ஹென்றி என்பவர் தென்னாப்பிரிக்காவில் இந்தப் பழைய பெட்டிகளுக்கென்றே ஒரு சின்ன மியூசியம் நடத்தினார். ஜாய்சன் இருந்த 'சால்வியா' என்ற கப்பல் அங்கே நிலக்கரி ஏற்றப் போனபோது, அவரே காரோட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு வந்தார். பின் இருக்கையில் போர்வை சுற்றிய ஒரு பொருள். அவிழ்த்தால் ஒரு பெரிஸ்கோப். நீர்மூழ்கிக் கப்பலில் கண்ணை வைத்துப் பார்ப்பார்களே, அதே உருவத்தில் விளையாட்டுக்காகச் செய்தது. இரண்டு பக்கமும் கைப்பிடி. பிடித்து இடமும் வலமும் திருப்பினால் திரையில் கடல் நகரும். கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான்.

"திருப்பிப் பார்" என்றார் ஹென்றி.

ஜாய்சன் திருப்பினான். லேசாகச் சுழலவில்லை, மக்கர் பண்ணவும் இல்லை. கெட்டித் தேனுக்குள் கரண்டியைத் திருப்புவது போல ஒரு கனம். கையை எடுத்ததும் அங்கேயே நின்றது.

"இந்தக் கனம் அப்படியே வேண்டும். எனக்கு ஒன்று, நண்பர்களுக்கு இரண்டு. என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். ஒரே ஒரு நிபந்தனை. அடிப்பெட்டியை ரிவெட் அடித்து மூடியிருக்கிறார்கள், பார். அதைத் திறக்காதே. வெளியிலிருந்து அளந்து, எப்படிச் செய்வாயோ செய்."

ஜாய்சன் சரி என்று கை கொடுத்தான். நிலக்கரி போக இருந்தது தூத்துக்குடிக்கு. சொந்த ஊரில் இறங்கி, பெரிஸ்கோப்பை நேரே வீட்டுக்குக் கொண்டுபோய் டெல்பின் கையில் கொடுத்துவிடலாம் என்பது அவன் கணக்கு. இதைவிட வசதியாக ஒரு பயணம் அவனுக்கு அமைந்ததே இல்லை.

தூத்துக்குடியில் கப்பலைக் கரையோரம் கட்டியதும் அதன் கிரேன் ஒன்று படுத்துக்கொண்டது. கிரேனின் மின்சாரம் ஜாய்சன் பொறுப்பு. டெல்பின் துறைமுக வாசலில் வந்து நின்று போன் அடித்தாள்.

"ஏங்க, ஒரு மணி நேரம் வந்துட்டுப் போங்களேன். மாமாவும் கேட்டுக்கிட்டே இருக்காவ."

"கரி இறக்கி முடிஞ்சா மொத்தமா வந்திருதேன் டெல்பின். ரெண்டு நாள்தான். அப்பாகிட்ட சொல்லு."

அப்பா மனுவேல், இளமையில் சங்கு குளித்தவர். அப்புறம் விசைப்படகு எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிக் காலம் தள்ளியவர். நுரையீரல் கெட்டு வீட்டோடு இருந்தார்.

கரி இறங்கி முடிந்தது. மறுநாள் கோர்ட் உத்தரவு வந்தது. எங்கோ வெளிநாட்டில் இருந்த முதலாளி டீசல் கொடுத்தவர்களை ஏமாற்றியிருக்க, அவர்கள் வழக்குப் போட்டுக் கப்பலைப் பிடித்து வைத்துவிட்டார்கள். இடம் அடைத்துக்கொண்டு நிற்கக்கூடாது என்று சால்வியாவை வெளியே இழுத்துப் போய்க் கடலில் நங்கூரம் போடச் சொன்னார்கள். முதலாளி போனை எடுப்பதை நிறுத்தினார். ஊரில் அவருக்கு இருந்த ஏஜென்டும் கை கழுவினார்.

கொஞ்ச நாளில் பிலிப்பைன்ஸ்காரர்களை அவர்கள் தூதரகம் அழைத்துக்கொண்டது. உக்ரைன்காரர்கள் இருவரும் போனார்கள். கப்பல் மூழ்காமல், மோதாமல், இருட்டில் கிடக்காமல் பார்த்துக்கொள்ளக் குறைந்தபட்சம் யார் யார் வேண்டுமோ அவர்கள் மட்டும் இருக்க வேண்டும் என்று உத்தரவு. மாற்று ஆள் வராமல் அவர்கள் இறங்க முடியாது. மாற்று ஆளை அனுப்ப வேண்டியது முதலாளி. முதலாளி இல்லை.

ஜாய்சன் கேப்டனிடம் போய் நின்றான். கேப்டன் மராட்டியர், நிதானமான மனிதர்.

"சார், அதோ தெரிகிறது என் ஊர். சர்ச் கோபுரம் தெரிகிறது. நீந்தினால் போய்விடுவேன்."

"தெரியும் ஜாய்சன். ஆனால் நீ போய்விட்டால் ஜெனரேட்டரை யார் பார்ப்பது? நங்கூர விளக்கு அணைந்து ராத்திரியில் எவனாவது வந்து மோதினால்? உன்னை இறக்க என்னிடம் அதிகாரம் இல்லை. என்னையே இறக்கிக்கொள்ள எனக்கு அதிகாரம் இல்லை."

வேற்று நாட்டுக்காரர்கள் எல்லாம் ஜாய்சன் ஊர் வழியாக அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தூத்துக்குடிக்காரன் மட்டும் தூத்துக்குடிக்குப் போக முடியாமல் கிடந்தான்.

அவனுக்குப் பேச்சுத்துணை செகண்ட் எஞ்சினியர் ரெக்ஸ். தூத்துக்குடிக்குத் தெற்கே நாசரேத்துக்காரர், வயதில் மூத்தவர். இரண்டு பேரும் சாயங்காலம் மேல்தளத்தில் நின்று கரையைப் பார்ப்பார்கள். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், துறைமுகத்துக் கிரேன்கள், பனிமய மாதா கோயில் கோபுரம். டெல்பின் சில நாள் வேலை முடிந்து ரோச் பூங்கா பக்கம் கடற்கரைக்கு வருவாள். போனில் பேசிக்கொண்டே துப்பட்டாவை ஆட்டுவாள். பைனாகுலரில் அவன் தேடுவான். பல ஆட்களில் எது அவள் என்று தெரியாது. "தெரியுதா?" என்பாள். "தெரியுது, தெரியுது" என்பான்.

டீசலை மிச்சம் பிடிக்க ஜெனரேட்டரைக் காலையில் கொஞ்ச நேரமும் சாயங்காலம் கொஞ்ச நேரமும்தான் ஓட்டினார்கள். ராத்திரி நங்கூர விளக்கு மட்டும் பேட்டரியில் எரியும். மற்ற நேரமெல்லாம் கப்பல் வெயிலில் காய்கிற தகரப் பெட்டி. கேபினுக்குள் இருக்க முடியாது. வெளியே தளத்தில் கால் வைக்க முடியாது. தண்ணீர் கரையிலிருந்து லாஞ்சுப் படகில் வந்தது, அதுவும் அளந்துதான். மாதக் கடைசி எது, தொடக்கம் எது என்பதே மறந்துபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் டெல்பின் பூசைக்குப் போய்விட்டுப் போன் பண்ணுவதால் தெரிந்தது.

முதலில் சில வாரம் அவன் பெரிஸ்கோப்பைத் தொடவே இல்லை. வீட்டில் செய்ய நினைத்த வேலையை இங்கே தொட்டால் இங்கேயே இருக்கச் சம்மதித்தது போல் ஆகிவிடும் என்று தோன்றியது. ரெக்ஸ்தான் ஒரு நாள் போர்வையை விலக்கிப் பார்த்தார்.

"ஏலே ஜாய்சா, இத வச்சுக்கிட்டு எதுக்கு அடைகாக்க? கீழ லேத் சும்மாதான கெடக்கு? கரண்ட் இருக்கிற நேரத்துல கடைய வேண்டியதுதான."

அன்று தொடங்கினான்.

தேய்ந்த பொருளை அளந்து நகல் செய்தால் நகலும் தேய்ந்ததாகவே பிறக்கும். ஆகவே தேயாத இடத்தைத் தேட வேண்டும். சுழல்கிற தண்டு, அதைத் தாங்குகிற புஷ் வளையத்துக்கு வெளியே ஒரு நகக்கண் அளவு நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நுனியில் நாற்பது வருஷமாக எதுவும் உரசவில்லை. அங்கே அளந்தான். கைப்பிடியின் முன்பக்க வரிகளை ஆயிரம் ஆயிரம் கைகள் மழுங்கடித்திருந்தன. பின்பக்கம், விரல் எட்டாத மூலையில், ஒரு வரி புதிதாகவே இருந்தது. அந்த ஒரு வரியின் ஆழத்தை வைத்து மற்ற வரிகளை வரைந்தான். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற காலம். கப்பல் ஆடிக்கொண்டே இருக்கும். ஆட்டம் ஓய்கிற நேரம் பார்த்து அளவு எடுப்பான். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்து பார்த்த பிறகுதான் நம்புவான்.

கைப்பிடியின் வெளி உருவத்தை டெல்பினுக்கு அனுப்ப அச்சு வேண்டியிருந்தது. சாமான் கொண்டுவரும் லாஞ்சில், பல் அச்சு எடுக்கிற மாவைக் கொடுத்து அனுப்பினாள். போனை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு பாடம் நடந்தது.

"தண்ணி ஊத்துனதும் சட்டுனு கலக்கணும். கட்டி தட்டக்கூடாது. கலக்கியாச்சா?"

"ஏளா, அதுக்குள்ள கல்லு மாதிரி ஆயிட்டு!"

"தண்ணி சூடா இருக்கா?"

"கப்பல்ல எந்தத் தண்ணி ஜில்லுனு இருக்கு? குழாயத் தொறந்தா காப்பி போடலாம்."

டெல்பின் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. "சூட்டுல சீக்கிரம் இறுகிரும். பிரிட்ஜ் ஓடுற நேரத்துல ஒரு பாட்டில் தண்ணிய உள்ள வச்சு எடுங்க."

அடுத்த அச்சு நன்றாக வந்தது. ஆனால் ஈரத்துணி சுற்றிக் கரைக்கு அனுப்பியதில், போய்ச் சேருவதற்குள் காய்ந்து சுருங்கிவிட்டது. கைப்பிடி ஒரு சின்னப் பிள்ளை கைக்குத்தான் பொருந்தும் என்றாள். பிறகு சுருங்காத சிலிகான் பசையை வாங்கி அனுப்பினாள். அதில் எடுத்த அச்சைக் கொண்டு ரெசின் கைப்பிடிகளை லேபிலேயே சாயங்காலங்களில் வார்த்தாள்.

எல்லாம் கூடிவந்தது, அந்தக் கனத்தைத் தவிர. ஜாய்சன் செய்த அடிப்பெட்டியில் பெரிஸ்கோப் காற்றாடி போலச் சுற்றியது. கிரீஸ் வைத்தான், முதலில் இழுத்தது, சூட்டில் உருகியதும் மறுபடி காற்றாடி. ரப்பர் வளையம் போட்டான். விக்கி விக்கித் திரும்பியது. அசலை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடித் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். உள்ளே ஏதோ இருக்கிறது. ஒரு மெல்லிய தகட்டுக்கு அந்தப் பக்கம். ரிவெட் தலைகள் நான்கும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஹென்றிக்கு எழுதிக் கேட்டான்: திறக்கட்டுமா? உடனே பதில் வந்தது. வேண்டாம். திறக்காமல் முடியாது என்றால் திருப்பி அனுப்பிவிடு.

அவன் நேரில் இறங்கிச் சுங்கத்தில் காட்டாமல் அவ்வளவு பெரிய பொருளைக் கரைக்கு விடமாட்டார்கள். திருப்பி அனுப்பவும் வழியில்லை என்பதை ஹென்றிக்கு எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆடி மாதம், காற்று உக்கிரமாய் இருந்த ஒரு சனிக்கிழமை, டெல்பின் காலையிலேயே கூப்பிட்டாள். குரலைக் கேட்டதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"மாமா போயிட்டாவ."

அவன் போனை இன்னொரு காதுக்கு மாற்றினான்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள... நல்லாத்தான் காப்பி குடிச்சாவ. கப்பல் தெரியுதான்னு மாடில போய்ப் பாரு, கொடி அடையாளம் தெரியுதான்னு பாருன்னு சொன்னாவ. நான் போய்ப் பாத்துட்டு எறங்கி வாரேன், அதுக்குள்ள..."

கேப்டன் அன்று முழுவதும் போனும் மெயிலுமாய் இருந்தார். அவரால் முடிந்ததையெல்லாம் செய்தார். ஒரு நாள் மட்டும், காவலோடு, அடக்கத்துக்குப் போய்விட்டு வரட்டும் என்று எழுதினார். முதலாளி தரப்பிலிருந்து ஒரு கையெழுத்து வேண்டும் என்றார்கள். முதலாளி தரப்பு என்று யாரும் இல்லை. அதற்குப் பதில் வேறொரு கையெழுத்து போதும் என்று முடிவாவதற்குள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆயிற்று. அதன் பின் காற்றில் லாஞ்சு புறப்படவில்லை.

சாயங்காலம் அடக்கம். ஜாய்சன் கப்பலை ஓட்டுகிற மேல் அறையின் ஓரத்தில், சிக்னல் கொஞ்சம் கிடைக்கிற மூலையில், போனைக் காற்று அடிக்காமல் மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். கோயில் நடையில் பெட்டியை இறக்கி வைத்திருப்பது தெரிந்தது. அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை. முகம் தெரியவில்லை, படம் கட்டம் கட்டமாய் உடைந்தது. கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் படம் நின்று, டெல்பின் குரல் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. பைனாகுலரை எடுத்துக் கோபுரத்தைப் பார்த்தான். கோபுரம் எப்போதும் போல நின்றது. மணியடித்திருப்பார்கள். இங்கே காற்றுதான் கேட்டது.

ரெக்ஸ் பக்கத்தில் வந்து நின்றார். "ஒரு ஜெபம் சொல்லட்டுமால?" என்றார். சொன்னார். ஜாய்சன் ஆமென் சொன்னான். பிறகு, "ஜெனரேட்டர் ஓடுதுல்ல அண்ணே?" என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கினான்.

வொர்க்‌ஷாப்பில் ஹென்றியின் பெரிஸ்கோப்பை எடுத்து மேசையிலிருந்த வைஸ் பிடியில் இறுக்கினான். டிரில்லில் பிட் மாட்டினான். முதல் ரிவெட் தலையில் வைத்து அழுத்தினான். ரெக்ஸ் பின்னாலேயே வந்தவர் வாசலில் நின்று, "ஏலே, அது அந்த மனுஷன் வேண்டாம்னு சொன்னதுல்லா" என்றார்.

"தெரியும்."

"பொறவு?"

"மூடிக் கெடக்கிற எதையும் இனி என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாதுண்ணே."

நான்கு ரிவெட்டும் தலையிழந்தன. தகட்டை நெம்பினான். உள்ளே இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஃபெல்ட் துணி வளையம் ஒன்று. கம்பளியை அழுத்திச் செய்கிற அந்தத் துணி, கிரீஸில் ஊறிக் கறுத்திருந்தது. அதை அழுத்திப் பிடிக்க அலையலையாய் வளைந்த ஒரு ஸ்பிரிங் வளையம். அவ்வளவுதான். விரல் பட்டதும் துணி பொடிப்பொடியாய் உதிர்ந்தது. அந்தக் கனத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது இத்தனை வருஷமும் அந்தப் பொடிதான். இனி அசலிலும் அந்தக் கனம் இருக்காது.

அப்போதுதான் ஜாய்சன் அழுதான். ரெக்ஸ் அவன் முதுகில் கை வைத்து, கரண்ட் நிற்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை ஹென்றிக்கு உள்ளதை எழுதினான். நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும் திறந்துவிட்டேன், உள்ளிருந்த வளையம் உதிர்ந்துவிட்டது, தப்பு என்னுடையது, சரிசெய்து தருகிறேன். அப்பா இறந்ததை எழுதவில்லை. ஹென்றி ஒரு வரியில் பதில் அனுப்பினார்: உன்னை நம்பியிருக்கக் கூடாது. அதன் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியது. ஊர் முழுக்க விளக்கு. ஜாய்சன் சாப்பாட்டைப் பாதியில் வைத்தான். பேச்சைக் குறைத்தான். கேபின் கட்டிலில் வேர்த்து நனைந்து கிடப்பான், எழுந்து ஜெனரேட்டரைப் பார்ப்பான், மறுபடி கிடப்பான். கேப்டன் ரெக்ஸைத் தனியே கூப்பிட்டு அவன் மேல் ஒரு கண் வைக்கச் சொன்னார். கப்பல் விளிம்புப் பக்கம் அவன் போனால் ரெக்ஸும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு போய் நிற்பார்.

டெல்பினுக்கு ரெக்ஸ்தான் எல்லாவற்றையும் சொன்னார். அவள் யாரிடமும் கேட்காமல் ஹென்றிக்கு எழுதினாள்: என் கணவர் கப்பலில் அடைபட்டிருக்கிறார், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறார், அவர் அப்பாவை அடக்கம் செய்த அன்றுதான் உங்கள் பெட்டியைத் திறந்தார், இதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

அதை அவனிடம் சொன்னபோது ஜாய்சன் கத்தினான்.

"எதுக்கு எழுதுன? அப்பா செத்தத சொல்லி மன்னிப்பு வாங்கணுமா நான்?"

"மன்னிப்பு வாங்க எழுதல. அவருக்குத் தெரியணும்னு எழுதுனேன்."

"உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. நானும் இங்கன ஒத்தையிலதான் இருக்கேன். மாமாவ நான்தான் குளிப்பாட்டினேன், நான்தான் அடக்கம் பண்ணினேன். யாரும் என்னையும் ஒண்ணும் கேக்கல." அவள் போனை வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் அவள் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் லாஞ்சில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே பல் செட்டை மெருகேற்றுகிற வெள்ளை நிற ஃபெல்ட் சக்கரங்கள், பல கனத்தில். கூடவே ஒரு டப்பா காய்கறி அச்சாறு. ஜாய்சன் சக்கரம் ஒன்றை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தான். போனை எடுத்தான்.

"இத எப்படி யோசிச்ச?"

"தினமும் கையில இருக்கிறதுதான. அச்சாறு கெட்டுப்போகும், சீக்கிரம் தின்னுங்க."

அசலுக்கும் நகல்களுக்குமாகச் சக்கரங்களை வளையமாக வெட்டினான். பழைய பேரிங் உறை ஒன்றின் மெல்லிய தகட்டிலிருந்து அலை வளையம் அடித்தான். அழுத்தம் கூடியது, குறைந்தது, பல தடவை குப்பைக்குப் போனது. சூட்டில் உருகாத சிலிகான் கிரீஸைத் தடவி இறுக்கித் திருப்பினான். தேனுக்குள் கரண்டி. ஒரு குழப்பம் மட்டும் மிஞ்சியது: ஹென்றி ஞாபகம் வைத்திருக்கிற கனம் கிரீஸ் இறுகிப் பொடிந்துபோன துணியின் கனம். புதிதாய் வந்தபோது அது இன்னும் சற்று இளக்கமாக இருந்திருக்க வேண்டும். எது அசல்? கடைசியில் அடியில் ஒரு திருகாணி வைத்தான். இறுக்கினால் பழைய கனம், தளர்த்தினால் புதுக் கனம்.

தண்டின் சுழற்சியை ஒரு சின்ன சர்க்யூட் போர்டு வழியாக ரெக்ஸின் லேப்டாப்பில் இணைத்தான். பழைய விளையாட்டின் நகல் அதில் ஓடியது. மெஸ் மேசையில் பெரிஸ்கோப்பைப் பொருத்தியதும் ரெக்ஸ் ஆடினார், சமையல்காரர் ஆடினார். ஒரு சாயங்காலம் கேப்டன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிரிக் கப்பல்களை ஒன்றுவிடாமல் தவறவிட்டார்.

"சார், கொஞ்சம் முன்னாலேயே சுட வேண்டும்" என்றான் ஜாய்சன்.

"எனக்கு இப்போது எந்தக் கப்பலைப் பார்த்தாலும் சுட வேண்டும் போலத்தான் இருக்கிறது" என்றார் கேப்டன். மெஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்ததில் அவரும் சிரித்தார். பிறகு டீசல் இன்னும் குறைந்து, ஜெனரேட்டரின் சாயங்கால ஓட்டமும் நின்றது. எல்லாரும் மறுபடி இருட்டில் அவரவர் பாயை எடுத்துக்கொண்டு மேல்தளத்தில் படுத்தார்கள்.

ஹென்றியின் பதில் ரொம்ப நாள் கழித்து, டெல்பினுக்குத்தான் வந்தது. உங்கள் மாமனாருக்காக வருந்துகிறேன். செய்ததையும் அசலையும் முடிந்தபோது அனுப்பச் சொல்லுங்கள். அவ்வளவே.

மழைக்காலம் தொடங்கிய பிறகு கோர்ட் கப்பலை ஏலத்தில் விட்டது. வாங்கியவர்கள் புது ஆட்களை அனுப்பினார்கள். ஜாய்சன் வயர்களையெல்லாம் புது எலெக்ட்ரிஷியனுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு, போர்வை சுற்றிய பொருளோடும் நகல்களோடும் லாஞ்சில் இறங்கினான். துறைமுக வாசலில் டெல்பின் ஸ்கூட்டியோடு நின்றாள். நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். அப்பாவின் குழி மேல் மண் அமுங்கி, மழையில் புல் முளைத்திருந்தது. ஜாய்சன் புல்லைப் பிடுங்கத் தொடங்கினான். இருட்டிக்கொண்டு வந்த பிறகும் பிடுங்கிக்கொண்டே இருந்தான். டெல்பினும் குனிந்து பிடுங்கினாள்.

பார்சல் ஹென்றிக்குப் போய்ச் சேர்ந்தது. கனம் சரியாக இருப்பதாகவும், திருகாணியைப் பழைய பக்கமே இறுக்கி வைத்திருப்பதாகவும் எழுதினார். அங்கே குளிர்காலம் வந்ததும் மூன்றில் ஒன்று கொஞ்சம் இறுகிக்கொண்டு திரும்புகிறது என்றார். ஜாய்சனும் டெல்பினும் வேறு கிரீஸ் அனுப்பினார்கள். அவர் சொல்லி வேறு ஆட்களிடமிருந்தும் ஆர்டர் வந்தது. ஆனால் ஹென்றி அதன் பிறகு தன்னிடமிருந்த எந்த அசல் பொருளையும் ஜாய்சனுக்கு அனுப்பவில்லை. படமும் அளவும்தான் அனுப்புவார். ஜாய்சன் அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை.

வீட்டில் அவன் எந்தக் கதவையும் சாத்த விடுவதில்லை. பின்கட்டு அறைக் கதவு எந்நேரமும் விரியத் திறந்து கிடக்கும். கடற்காற்றில் லேத் துருப்பிடிக்கிறது, துறைமுகத்துக் கரித்தூள் வந்து ரெசினில் ஒட்டுகிறது என்று டெல்பின் சொல்லிப் பார்த்தாள். பிறகு வார்ப்பு வேலையை மட்டும் வேறு அறைக்கு மாற்றிக்கொண்டாள்.

போன வருஷம் ரெக்ஸ் கூப்பிட்டார். நல்ல கம்பெனி, நல்ல கப்பல், தான் சேரப்போவதாகவும் எலெக்ட்ரிகல் ஆபீசர் வேண்டும் என்று கேட்பதாகவும் சொன்னார். ஜாய்சன் யோசித்துச் சரி என்றான். மருத்துவச் சோதனை முடிந்தது. சென்னைக்குப் போய்ச் சேர ஏசி பெட்டியில் டிக்கெட் வந்தது. டெல்பின் ஸ்டேஷனுக்கு வந்து ஏற்றிவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே நின்று கையாட்டினாள். கறுப்புக் கண்ணாடிக்குள் அவன் தெரியவில்லை; இருந்தாலும் ஆட்டினாள்.

வண்டி புறப்படப் போகிற நேரம். ஜாய்சன் பையோடு இறங்கி அவள் முன்னால் வந்து நின்றான். முகமெல்லாம் வேர்வை.

"என்னங்க, எதையும் மறந்துட்டீங்களா?"

"ஜன்னல் தெறக்க மாட்டேங்குது."

"ஏசி பெட்டில்லா. அப்படித்தான் இருக்கும்."

"தெரியும். தெரிஞ்சுதான் ஏறுனேன். முடியல டெல்பின்."

வண்டி நகர்ந்தது. அவள் அவன் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு பரோட்டா கடையில் உட்கார்ந்தார்கள். வாசல் ஓரத்து மேசை. ஜாய்சன், முன்னமே கப்பலேறியிருந்த ரெக்ஸுக்குப் போன் போட்டு, ஏறினேன், இறங்கிட்டேன் என்று சொன்னான். அந்தப் பக்கம் எஞ்சின் இரைச்சல் கேட்டது.

"அண்ணே, கோவமா?"

"கோவம் என்னத்துக்குல. நீ செஞ்சது சரிதான்" என்றார் ரெக்ஸ். "நானும் கப்பல் ஏணில பாதில நின்னேன். திரும்பிரலாமான்னு பாத்தேன். மூத்தவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. மேல ஏறிட்டேன்."

"எப்ப எறங்குவீங்க?"

"அத யாரு கண்டா?" என்றார். பிறகு யாரோ கூப்பிடுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டார்.

டெல்பின் சால்னாவை அவன் தட்டில் ஊற்றினாள். "ஆறுது, சாப்பிடுங்க" என்றாள். ஜாய்சன் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தான். அப்புறம் சாப்பிட ஆரம்பித்தான்.